ஈர வாசலுக்குத் தண்ணீர் கிடையாது

அந்தக் கிராணியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. ஆள் செத்து எத்தனையோ வருஷமாகிவிட்டது, இருந்தும் எரிகிறது.

காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்காரன் சண்டை போட்ட அவசரகாலத்தில் தோட்டங்களை விட்டு ஜனங்கள் மலாக்கா டவுனில் வந்து குவிந்தார்கள். டவுன் பெருத்தது, தண்ணீர் பெருகவில்லை. மழையும் ஏமாற்றிவிட, முனிசிபாலிட்டி ஒரு சிக்கனத் திட்டம் போட்டது. எங்கள் வரிசை வீடுகளுக்கெல்லாம் தெருமுனையில் ஒரே பைப். காலையில் கொஞ்ச நேரம், சாயங்காலம் கொஞ்ச நேரம் திறப்பார்கள். எந்த வரிசையில் தண்ணீரை வீணாக்குகிறார்களோ, அந்த வரிசை பைப்புக்கு அன்றைக்குப் பூட்டு.

யார் வீணாக்குகிறார்கள் என்று வெள்ளைக்காரத் துரைக்கு எப்படித் தெரியும்? துரை ஆபீசில் கணக்கெழுதிய நம்ம கிராணிதான் சொல்லிக்கொடுத்தான். காலையில் வாசலைப் பாருங்கள், ஈரமாக இருந்தால் வீண் என்று! வாசல் ஏன் தெளிக்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியாதா? அவன் பெண்டாட்டியும் தெளிக்கிறவள்தானே. சாவு விழுந்த வீட்டில்தான் தெளிக்கமாட்டார்கள் என்று தெரிந்தேதான் சொன்னான், பாவி.

ஒருநாள் பூட்டினார்கள். மறுநாள் எல்லா வாசலும் காய்ந்து கிடந்தன, பக்கத்து வீட்டு அக்காவின் வாசலைத் தவிர. செலண்டார் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தவள். காட்டுக்காரர்களுக்கு அரிசி கொடுத்தான் என்று அவள் புருஷனைத் தடுப்பு முகாமில் வைத்திருந்தார்கள். வாசலைக் காயவிட்டால் அவன் உயிருக்கு ஆகாது என்று பயந்தாள். குடிக்க வைத்திருந்ததில் ஒரு கை அள்ளித் தெளித்தாள். அதற்கே பைப்பைப் பூட்டிவிட்டான் கிராணி.

வரிசைப் பெண்கள் அவள் வீட்டுமுன் கூடினார்கள். முன்னால் நின்றது என் அம்மா. அப்பா செத்தபின் ஒற்றை ஆளாக எங்களை வளர்த்தவள்; வாய்க்கு வரிசையே பயப்படும்.

"ஒன் புருஷனுக்காக எங்க புள்ளைங்க நாக்கு வறண்டு சாவணுமாடி?"

"ஒரு கை தண்ணிதானேக்கா. அவரு உசுரோட இருக்காரு. வாசல எப்புடிக் காயப்போடுவேன்?"

"உசுரோட இருந்தா வருவான் லா. நீ தெளிச்சாத்தான் வருவானா?"

மறுநாள் விடியும்போதே அம்மா அவள் வாசலில் போய் உட்கார்ந்துகொண்டாள். அக்கா செம்போடு வெளியே வந்தாள். அம்மா செம்பைப் பிடுங்கித் தண்ணீரை அவள் குடிக்கப் பிடித்துவைத்திருந்த தோம்பிலேயே திரும்ப ஊற்றிவிட்டு, பளாரென்று ஓர் அறை விட்டாள். கிராணி வந்தான், பூட்ஸ் காலால் மண்ணைத் தேய்த்துப் பார்த்தான்.

"இப்பத்தான் நல்ல ஜனங்க" என்று சிரித்துக்கொண்டே பைப்பைத் திறந்தான். பெண்களும் சிரித்தார்கள். அதன்பிறகு தினமும் காலையில் அம்மா அங்கே போய்க் காவல் இருந்தாள். அக்கா கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதாள்.

பிறகு ஒருநாள் போலீஸ்காரர் ஒருவர் வந்து சொன்னார். அவள் புருஷன் முகாமில் காய்ச்சல் கண்டு இறந்துவிட்டான், அங்கேயே புதைத்தும்விட்டார்கள். அவள் போட்ட சத்தத்தில் தெருவே வெளியே வந்துவிட்டது.

கிராணியும் வந்தான். அந்தத் திட்டத்தில் சாவு வீட்டுக்கு மட்டும் சலுகை இருந்ததாம். பட்டப்பகலில் பைப்பைத் திறந்துவிட்டான்.

"சாவுன்னா கணக்கு கெடையாது. வேணுங்கறத புடிச்சுக்குங்க."

குடம் குடமாகப் பிடித்தார்கள். அக்காவைப் புறக்கடையில் உட்காரவைத்துத் தாலியைக் கழற்றினார்கள். தலைக்கு ஊற்றுவது தாலியறுத்தவர்கள் வேலை, அதனால் என் அம்மாதான் ஊற்றினாள். ஒரு குடம், இன்னொரு குடம், அதற்கு மேலும். தண்ணீர் ஓடிச் சாக்கடையில் விழுந்தது.

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"போதும்க்கா. தண்ணி வீணாப் போவுது" என்றாள்.

அம்மா அடுத்த குடத்தைத் தூக்கி அவள் தலையில் கவிழ்த்தாள்.