ஈரம் புகுந்த திரவம்

தில்லியில் நான் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தபோது, ஒரு மழைக்காலம் முழுவதும் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கோலின் குளோரைடு என்ற உப்பையும் யூரியாவையும் கலந்து சூடாக்கினால் இரண்டு வெள்ளைத் தூள்களும் இளகித் தெளிந்த திரவமாகிவிடும், ஆறினாலும் உறையாது. அதில் ஒரு சாயத்தைக் கரைத்து, அதன் மேல் ஒளியைச் செலுத்தி, சாயத்தைச் சுற்றி என்ன சூழ்ந்திருக்கிறது என்று பார்ப்பது என் வேலை. கோடையில் ஒழுங்காக வந்த அளவீடுகள், மழை தொடங்கியதும் தினம் ஒரு மாதிரி வந்தன.

"என்னம்மா, திங்கக்கிழமை ஒண்ணு சொல்றே, புதன்கிழமை வேற சொல்றே?" என்றார் என் பேராசிரியை. தஞ்சாவூர்க்காரர், கோபம் வந்தால்தான் தமிழில் பேசுவார்.

கருவியைச் சந்தேகித்தேன், பிறகு சாயத்தை, பிறகு என் கைகளை. மெட்ரோவில் இடமிருந்தும், நான் தங்கியிருந்த ஜனக்புரி வரை நின்றுகொண்டே போனேன். அம்மா ஃபோன் செய்தால் இரண்டு வார்த்தையில் வைத்துவிடுவேன்.

ஒரு மத்தியானம் குப்பியைத் திறந்தபடி விட்டுவிட்டு வராந்தாவில் நடந்துகொண்டிருந்தேன். தில்லியிலேயே, கிட்வாய் நகரில் பிறந்து வளர்ந்த என் சக ஆய்வு மாணவி கூப்பிட்டாள்.

"அரே, ஜல்தி வா, சீக்கிரம் குப்பியை மூடு. காத்துல இவ்ளோ ஈரம். வீட்ல உப்பு டப்பாவே தண்ணி விடுது."

அந்தத் திரவம் ஈரத்தை இழுக்கும் என்பது தெரிந்ததுதான். ஆனால் கலக்கும் முன்பே தூள்களைக் காயவைத்துவிட்டோமே என்று அலட்சியமாக இருந்தேன். குப்பிகளில் இருந்த நீரை அளந்தேன். ஒவ்வொன்றிலும் ஒவ்வோர் அளவு.

"இனிமே நல்லா காயவெச்சு செய்" என்றார் பேராசிரியை.

"இல்ல மேடம், நானே கொஞ்சம் கொஞ்சமா தண்ணி சேர்த்து, எவ்ளோ சேர்த்தா என்ன மாறுதுன்னு பார்க்கிறேன்."

அவர் தலையசைக்கவில்லை, தடுக்கவும் இல்லை.

முதலில் சேர்த்த நீரைச் சாயம் கண்டுகொள்ளவே இல்லை. அந்த நீர் உப்புக்கும் யூரியாவுக்கும் இடையில் ஒதுங்கிக்கொண்டது. இன்னும் ஊற்ற ஊற்ற, ஓர் அளவைத் தாண்டியதும் உப்பும் யூரியாவும் ஒன்றையொன்று பிடித்திருந்த பிடி தளர்ந்தது; இரண்டும் நீரில் கரைந்த வெறும் பொருள்களாயின. சாயத்தைச் சுற்றி நீர் சூழ்ந்தது; சாயம் உமிழ்ந்த ஒளியின் நிறம் சட்டென மாறியது.

வரைபடத்தைப் பேராசிரியை வெகுநேரம் பார்த்தார். "இன்னொரு தடவை செஞ்சு காட்டு."

செய்தேன், அதே வளைவு வந்தது. ஆய்வேட்டில் அது ஓர் அத்தியாயமானது. அன்றைக்காவது நிம்மதியாக உட்கார்ந்திருக்கலாம். ஆனால், உப்பை மாற்றினால் அந்த வளைவு எங்கே திரும்பும் என்று யோசித்தபடி, மறுபடி வராந்தாவில் நடக்கத் தொடங்கிவிட்டேன்.