வாசல் எது

வீட்டைப் புதுப்பிப்பது என்று முடிவான பிறகு நாலு மாதம் பேச்சு மட்டும்தான் நடந்தது. ஒரு செங்கல் பெயரவில்லை. எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: படுக்கையறையிலிருந்து நேராகப் போகிற மாதிரி ஒரு பாத்ரூம். மற்றதெல்லாம் மற்றவர்கள் ஆசை.

என் கணவர் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரியில் முப்பது வருஷம் ஊர் ஊராகப் போய் போர் போட்டவர். போன வருஷம் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போயிற்று. நாலைந்து சொற்கள் மட்டும் மிச்சம். காலையில் அவரை வீட்டுக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தால் வெயில் ஏறும்வரை அங்கேயே இருப்பார். ரோட்டில் போகிறவர்கள் "என்னுங்கண்ணா, சௌக்கியமா?" என்று குரல் கொடுப்பார்கள். இடது கையைத் தூக்கிக் காட்டுவார். அவருடைய ஒரு நாள் என்பது அவ்வளவுதான்.

எங்கள் பாத்ரூமோ வீட்டுக்குப் பின்னால், கிணற்றுக்கும் அப்பால். அவரை அணைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை அந்தத் தூரம் நடந்தேன். இரண்டு முறை இருவரும் சேர்ந்தே விழுந்தோம். இரண்டாவது முறை தூக்கிவிட ஆளில்லை. ஈரத் தரையில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதேன். அவர் என்னை அடிக்கிற மாதிரி பார்த்தார். யார்மேல் கோபம் என்று நான் கேட்கவில்லை.

பெங்களூரில் இருக்கும் மகனிடம் சொன்னதும், "கட்டிடலாம்மா, அப்படியே எலிவேஷனையும் மாத்திடலாம்" என்றான். வீட்டின் முகப்புக்கு இப்போது அதுதான் பெயர். பூச்சு இல்லாத செங்கல் சுவர் அவனுக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே வெட்கம். போனில் தினம் ஒரு படம் அனுப்புவான். கறுப்பு டைல்ஸ் ஒட்டியது, மரப்பலகை மாதிரிப் பட்டை வைத்தது, கண்ணாடிக் கைப்பிடி போட்டது. எனக்கு எல்லாமே நகைக்கடை மாதிரித் தெரிந்தன. எல்லாவற்றுக்கும் "நல்லாருக்குப்பா" என்றே பதில் போட்டேன். "எதும்மா நல்லாருக்கு? ஒண்ணைச் சொல்லு" என்று அதற்கும் கோபித்துக்கொண்டான்.

சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து ஒரு இன்ஜினியர் பெண் ஸ்கூட்டரில் வந்தாள். சிரித்த முகம். சுவரில் சாவியால் இரண்டு இழுப்பு இழுத்ததும் சிரிப்பு போய்விட்டது. செங்கல் இடுக்கிலிருந்து மண் பொலபொலவென்று கொட்டியது.

"மண்சாந்து வெச்சுக் கட்டியிருக்காங்கம்மா. உள்சுவத்தை இடிச்சு ரூம் பிரிக்கற வேலையே வேண்டாம். வெளிய ஒட்டித்தான் கட்டணும். மேல்பூச்சும் வேண்டாம், இடுக்கைச் சுரண்டி சிமெண்ட் அடைச்சா செங்கல்லே அழகாத்தான் இருக்கும்."

எந்தப் பக்கம் ஒட்டுவது? என் கொழுந்தனார் போனில் திசைகாட்டியைத் திறந்துகொண்டு வாஸ்து பார்க்கக் கிளம்பினார். "ஈசானில ஆகவே ஆகாதுங்கண்ணி. கன்னி மூலையைக் கனவுலயும் நெனைக்காதீங்க. அக்கினில அடுப்பு கெடக்குது." வீட்டை அவர் மூன்று சுற்றுச் சுற்றினார். கோயிலைச் சுற்றுவதுபோல நானும் பின்னால் போனேன். மிஞ்சியது வடமேற்கு, வாயு மூலை. எங்கள் வீடு வடக்குப் பார்த்தது. ஆகவே வாயு மூலை வீட்டின் முன்பக்கம்தான்.

இன்ஜினியர் பெண்ணுக்கு அது வசதியாகப் போயிற்று. படுக்கையறை ஜன்னலைக் கீழே இறக்கிக் கதவாக்கினால் கட்டிலிலிருந்து பத்தடியில் பாத்ரூம். மிச்ச இடத்தை மகன் விட்டுவிடவில்லை. ரோடு வரைக்கும் சிமெண்ட் தளம், கார் நிறுத்தக் கூரை, ஆளுயரச் சுவர், இரும்புக் கேட்.

வரைபடத்தைக் கட்டிலில் விரித்து என் கணவருக்குக் காட்டினோம். அன்றைக்கு நானும் அந்தப் பெண்ணும் மட்டும்தான் இருந்தோம். அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு இடது கையால் காகிதத்தின்மேல் அடித்தார்.

"வாசல்" என்றார். "வாசல்... வாசல்."

"வாசலை மாத்தலைங்க சார். அதே வடக்குதான், அதே நிலைதான்" என்றாள் அவள். அவர் மறுபடியும் அடித்தார். காகிதம் கிழிந்தது. அவள் என்னைப் பார்த்தாள். "என்னம்மா சொல்றாரு?"

"பாத்ரூம் வாசல் அகலமா இருக்கோணுமாங்க" என்றேன். "பிடிச்சுக் கூட்டிப் போறதுக்கு."

அவள் அரையடி கூட்டி எழுதிக்கொண்டாள். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் காகிதத்தைச் சுருட்டினேன்.

நான் ஆத்தூர்ப் பக்கத்துப் பெண். எங்கள் ஊரில் வாசல் என்றால் கதவு நிலை, அதிகம் போனால் கோலம் போடும் இடம். கல்யாணமாகித் திருச்செங்கோட்டுப் பக்கம் வந்த மறுநாள் காலை, "வாசலைக் கூட்டீட்டு வா சாமி" என்றார் மாமியார். படிக்கு முன்னால் இரண்டு வீச்சு வீசிவிட்டு இரண்டு நிமிஷத்தில் உள்ளே வந்தேன். அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "அது வாசப்படி சாமி. வாசல் அங்க கெடக்குது பாரு" என்று சுவரிலிருந்து ரோடு வரை கிடந்த அத்தனை மண்ணையும் காட்டினார். கடலைக்காய் காய்வதும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை என் கணவரின் லாரி வந்து நிற்பதும் அங்கேதான். அன்றைக்குக் கூட்டி முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. இந்த வீட்டில் நான் கற்றுக்கொண்ட முதல் சொல் அது.

வரைபடத்தைப் பார்த்து என் கணவர் என்ன கேட்டார் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. காகிதத்தில் விழுந்த முதல் அடியிலேயே தெரியும். ஆனால் சொல்லியிருந்தால் மறுபடி கொழுந்தனார், மறுபடி திசைகாட்டி, மறுபடி நாலு மாதம். எனக்குத் தெம்பு இல்லை. இடுப்பு விட்டுப்போயிருந்தது.

மேஸ்திரி வந்து சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்ட அன்று, நான் அடுப்படியில் இருந்தபோது என் கணவர் தனியாக எழுந்துவிட்டார். சுவரைப் பிடித்துக்கொண்டே வெளியே போயிருக்கிறார். நான் ஓடிவந்தபோது, விழுந்துபோன வலது காலைத் தரையில் இழுத்து இழுத்துக் கோட்டை அழித்துக்கொண்டிருந்தார். மூன்றடி அழிந்திருந்தது. மேஸ்திரி என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

"நீங்க போடுங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டு, கணவரைத் தாங்கி உள்ளே கூட்டிவந்தேன்.

கட்டி முடித்து மூன்று மாதமாகிறது. நாங்கள் விழவில்லை. என் இடுப்பு என்னைத் தூங்க விடுகிறது. நாற்காலியைக் கார் கூரைக்கு அடியில் போட்டிருக்கிறேன். எதிரே சுவர். ரோட்டில் போகிறவர்களுக்கு அவர் தெரிவதில்லை, அவர்களும் குரல் கொடுப்பதில்லை. அந்தச் சொல்லை அவர் அதற்குப் பிறகு சொல்லவே இல்லை.

காலையில் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு அந்தச் சிமெண்ட் தளத்துக்குப் போகிறேன். அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். கூட்டி முடிக்க இப்போதெல்லாம் இரண்டு நிமிஷம்தான் ஆகிறது.