தங்கை புருஷன் காலும் புக்கித் தீமா கல்மலையும்

சென்ற மாசியில் நான் சிங்கப்பூருக்குப் போனேன். வேடிக்கை பார்க்கப் போகவில்லை, பிழைக்கவும் போகவில்லை. என் தங்கை பாக்கியத்தின் புருஷன் சித்திரவேல், மூன்று வருஷ ஒப்பந்தத்தில் அங்கே கல் உடைக்கப் போயிருந்தார். அவரோடு ஒரே கூட்டத்தில் இருந்து தவணை முடிந்து ஊர் திரும்பிய ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். "அவருக்கென்ன, நல்லா இருக்காரு" என்று சொன்னார். சொல்லும்போது பாக்கியத்தின் முகத்தைப் பார்க்கவில்லை. போட்ட இலையில் கை வைக்கவும் இல்லை. அவர் படியிறங்கியதும் பாக்கியம், "அண்ணே, நீ ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வந்துடு" என்றாள்.

நான் நாகப்பட்டினத்தில் ஜவுளிக்கடையில் துணி அளக்கிறவன். பல்லி விழுந்தாலே பலன் கேட்டுக்கொண்டு ஓடுகிற ஆள். கடலைக் கரையில் நின்று கும்பிடுவதோடு சரி. ஆனால் அவள் கேட்டது எனக்கும் உள்ளே உறுத்திக்கொண்டிருந்தது. நல்லா இருக்கிற மனுஷனைப் பற்றிச் சொல்ல எவனாவது சாப்பாட்டை விடுவானா?

மேல்தட்டுச் சீட்டுக்குப் பதினெட்டு ரூபாய் ஆயிற்று. பினாங்கில் ஒரு பகல் நிறுத்தி, ஒன்பதாம் நாள் சிங்கப்பூர். போகிறவர்கள் அவலும் வெல்லமும் கட்டிக்கொண்டு போங்கள். கப்பல் சோறு எனக்கு முதல் நாளே வெளியே வந்துவிட்டது. துறைமுகம் சேருவதற்கு முன் ஒரு தீவில் இறக்கி, காய்ச்சல் இருக்கிறதா என்று நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார்கள். எனக்குப் பயத்திலேயே உடம்பு சுட்டது. நல்லவேளை, விட்டுவிட்டார்கள்.

கப்பல்துறையிலிருந்து சிராங்கூன் சாலைக்கு ரிக்‌ஷாக்காரச் சீனர் இருபது காசு கேட்டார், பதினைந்துக்கு வந்தார். அந்தப் பக்கத்தைத் தமிழர்கள் சுண்ணாம்புக் கம்பம் என்கிறார்கள், கம்பம் என்றால் அங்கே கிராமம். சுண்ணாம்புச் சூளை, மாட்டுக் கொட்டில், எருமை கிடக்கும் குட்டை, நடுவே காளி கோயில். நம்மவர் சாப்பாட்டுக் கடைகள் உண்டு. வயிறார எட்டுக் காசு. கடைக்காரர் தஞ்சாவூர்ப் பக்கம். கல்மலைக்குப் போகவேண்டும் என்றதும் அவர் பரிமாறுவதை நிறுத்திவிட்டு, "அங்க யாரு இருக்கா?" என்று கேட்டார். சொன்னேன். "போனா பகல்லயே திரும்பிடுங்க லா. அந்தக் காட்டுல இன்னும் புலி இருக்குன்றாங்க" என்றார். எனக்கு அதற்குமேல் ரசம் இறங்கவில்லை.

மறுநாள் காலை தேங்கு ரோடு நிலையத்தில் ரயில் ஏறினேன். உட்லண்ட்ஸ் வரை போகிற வண்டி. ஜொகூருக்குப் படகு பிடிப்பவர்கள் கடைசிவரை போவார்கள். நான் புக்கித் தீமாவில் இறங்கினேன். மூன்றாம் வகுப்பு, அரை மணிக்குக் கொஞ்சம் அதிகம். அங்கிருந்து கல்மலைக்கு இரண்டு மைல் செம்மண் பாதை. இரண்டு பக்கமும் காடு. புலி இருந்தால் சத்தத்துக்கு ஓடட்டும் என்று வாய்விட்டுத் திருப்புகழ் பாடிக்கொண்டே நடந்தேன். திடீரென்று பூமி அதிர்ந்தது. பாறைக்கு வேட்டு வைத்திருக்கிறார்கள். நான் பாதையிலேயே குப்புறப் படுத்துவிட்டேன். யாரும் பார்க்கவில்லை.

தொழிலாளிகள் தங்கும் லயம் நீளமான தகரக் கொட்டகை. எல்லாரும் வேலைக்குப் போயிருந்தார்கள். உள்ளே நுழைந்ததும் நாற்றம் மூக்கில் அடித்தது. எலி செத்துக் கிடக்கிறதோ என்று நினைத்தேன். கடைக்கோடியில் சாக்கு மறைப்புக்குப் பின்னால் ஒருவர் படுத்திருந்தார். "வாங்க மச்சான்" என்று குரல் வந்தது. சித்திரவேல்தான். என்னைக் கண்டதும் அவர் முதலில் செய்தது, வலது காலை இழுத்துப் போர்வைக்குள் மறைத்தது.

"காலைக் காட்டுங்க மாப்பிள்ளை" என்றேன். காட்டவில்லை. நான்தான் போர்வையை விலக்கினேன். விரல்கள் இருந்த இடம் கறுத்துப்போய் மஞ்சள் பற்றுக்குள் ஊறிக் கிடந்தது. கணுக்காலிலிருந்து முழங்காலை நோக்கிச் சிவப்பாக ஒரு கோடு ஏறியிருந்தது. உடம்பு அனலாய்க் கொதித்தது. நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஒரு மாதத்துக்கு முன் கல் உருண்டு காலில் விழுந்ததாம். "ஆஸ்பத்திரிக்குச் சொல்லிடாதீங்க மச்சான். காலை வெட்டிப் போட்டுடுவாங்க. போன வருஷம் போனவன் வரவேயில்ல" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

சாயங்காலம் கூட்டம் திரும்பியது. அவர்களை வேலை வாங்கும் கங்காணி ரெங்கசாமி ஐம்பது வயதுக்காரர், பெரிய மீசை. இவர்தான் மறைத்து வைத்த கொடியவர் என்று நினைத்துக் கோபத்தோடு எழுந்தேன். அவர் என்னைவிடப் பயந்துபோயிருந்தார்.

"ரெண்டு நாள்ல ஆறிடும்னு நெனச்சோங்க" என்றார். "படுத்த நாளெல்லாம் தவணையில சேராது. கடைசியில கூட்டி ஒழைக்கணும். பாவம், புள்ளகுட்டிக்காரன்னு, நம்ம சமையக்காரரை காலையில வரிசையில நிறுத்திட்டாங்க பயலுங்க. பேரு கூப்பிட்டா அவரு 'ஐயா'ன்னுடுவாரு. தலைக்கணக்கு சரியா இருந்துச்சுன்னா துரை மேற்கொண்டு பாக்க மாட்டாரு. இவரு பங்குக் கல்லையும் எல்லாருமா ஒடச்சுக் குவிச்சுடுவோம்."

"இப்பவாவது சொல்லித் தொலைக்கலாமே!"

"எப்படிங்க சொல்றது? இத்தனை நாளு இவரு பேருக்கு யாருடா குரல் குடுத்ததுன்னு கேக்க மாட்டாங்களா? முப்பது பேரும் கோர்ட்டுல நிக்கணும்."

முதல் நாளே சொல்லியிருந்தால் அது ஒரு காயம். இரக்கப்பட்டு மறைத்ததில் முப்பது பேர் குற்றமாகிவிட்டது. ஒவ்வொரு காலையும் அந்த 'ஐயா' சொல்லச் சொல்ல, மறுநாள் உண்மை சொல்வது இன்னும் கஷ்டமாகியிருக்கிறது. அங்கே கெட்டவன் என்று கைகாட்ட எனக்கு ஒருவரும் கிடைக்கவில்லை. சித்திரவேல் மட்டும் செத்துக்கொண்டிருந்தார்.

பிறகு ரெங்கசாமி, தரையைப் பார்த்தபடி, "காயம் நாளைக்குப் பட்டா?" என்று கேட்டார்.

எனக்கு விளங்கவில்லை. அவர் விளக்கினார். காலையில் சித்திரவேலே வரிசையில் நிற்க வேண்டும். தன் பெயருக்குத் தானே குரல் கொடுக்க வேண்டும். பிறகு பாறைக்குப் போய், எல்லாரும் பார்க்க ஒரு கல் காலில் உருள வேண்டும். அப்புறம் துரையே ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார். நிற்கவே முடியாதவரை எப்படி நிறுத்துவது என்றேன். இரண்டு பக்கமும் ஆள் நின்று முட்டுக்கொடுப்பார்கள் என்றார்.

சித்திரவேல் மாட்டேன் என்று அழுதார். கடைசியில் நான், "சரி மாப்பிள்ளை, நான் ஊருக்குப் போறேன். போய் நீங்க நல்லா இருக்கீங்கன்னு தங்கச்சி மூஞ்சியப் பாக்காம சொல்லிடுறேன்" என்றேன். அவர் அழுகையை நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம், "நாளைக்கு வேட்டி நல்லதாக் கட்டிவிடச் சொல்லுங்க" என்றார்.

விடிந்தும் விடியாததுமாய்ப் பேர் கூப்பிடும் களத்தில் வரிசை நின்றது. நான் சமையலறைச் சுவருக்குப் பின்னால், சமையல்காரருக்குப் பக்கத்தில் ஒளிந்திருந்தேன். பனி மூட்டமாய் இருந்தது கடவுள் கருணை. சித்திரவேலின் காலில் புதுச் சாக்குத் துணி சுற்றியிருந்தார்கள். இரண்டு பக்கத்து ஆட்களின் தோளும் அவரைத் தூக்கிப் பிடித்திருந்தன. வெள்ளைக்காரத் துரை பிரம்பை ஆட்டியபடி வரிசைக்கு முன்னால் நடந்தார். கணக்கெழுதும் யாழ்ப்பாணத்துக் கிராணி பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். ஒவ்வொரு 'ஐயா'வையும் நான் விரல்விட்டு எண்ணினேன்.

"சித்திரவேல்!"

அவர் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

"ஐயா!" என்று என் காதுக்குப் பக்கத்திலேயே ஒரு குரல் முழங்கியது. சமையல்காரர்! ஒரு மாதப் பழக்கம், வாய் தானாகத் திறந்துவிட்டது. நான் பாய்ந்து அவர் வாயைப் பொத்தியபோது காரியம் முடிந்திருந்தது. துரை திரும்பிச் சமையலறைப் பக்கம் பார்த்தார். கிராணியும் பார்த்தார். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு மூச்சை நிறுத்தினேன். என் கைக்குள் சமையல்காரரின் பல் கிடுகிடுத்தது. வரிசையில் யாரோ இருமினார்கள். பிறகு இன்னொருவர் இருமினார். வரிசை முழுவதும் காசநோய் வந்ததுபோல் இருமியது. கிராணி குனிந்து அடுத்த பெயரைக் கூப்பிட்டார். அவருக்குப் புரிந்ததா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பாறையடியில் நடந்ததை நான் பார்க்கவில்லை, கேட்டேன். ரெங்கசாமியின் அலறல் மலையெல்லாம் எதிரொலித்தது. அதில் நடிப்பு ஏதும் இருந்திருக்காது. பயம் அத்தனை இருந்தது அவருக்கு. துரை ஓடிவந்து மாட்டுவண்டிக்கு உத்தரவு போட்டார். கிராணி, இன்று காலை கல் விழுந்தது என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். உறவினன் என்று நானும் வண்டியில் ஏறிக்கொண்டேன்.

ரயிலில் சரக்குப் பெட்டியில்தான் இடம் கொடுத்தார்கள். பக்கத்திலிருந்த இரண்டு பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு அடுத்த நிலையத்தில் வேறு பெட்டிக்குப் போனார்கள். இன்று பட்ட காயம் இப்படியா நாறும்? சீட்டை மடியில் வைத்துக்கொண்டு, கேட்டால் என்ன சொல்வது என்று வழிநெடுக ஒத்திகை பார்த்தேன். இன்று என்று சொல்லிவிட வேண்டியது, அவ்வளவுதான். முப்பது பேர் முகமும் கண்ணுக்குள் நின்றது.

ஆஸ்பத்திரியில் காயம் கட்டும் டிரெஸ்ஸரும் யாழ்ப்பாணத்தவர், மூக்குக்கண்ணாடி போட்ட நடுவயதுக்காரர். சாக்கைப் பிரித்தார், சீட்டைப் படித்தார், என்னைப் பார்த்தார்.

"இது இண்டைக்குப் பட்ட காயமோ?"

"ஆமாங்க" என்றேன்.

அவர் குரலை உயர்த்தவில்லை. "இஞ்சை பாரும். எத்தினை நாள் எண்டு தெரிஞ்சால்தான் எவ்விடத்திலை வெட்டுறதெண்டு டாக்குத்தர் முடிவெடுப்பார். இண்டைக்கெண்டு நீர் சொன்னால் பாதத்தோடை நிப்பாட்டிப் பாப்பம் எண்டு நினைக்கக்கூடும். அப்பிடிச் செய்தால் உந்த ஆள் தப்பமாட்டார். இப்ப சொல்லும்."

சித்திரவேல் கட்டிலில் இருந்து என்னையே பார்த்தார். சொல்லாதே என்று தலையை ஆட்டினார். தன் காலுக்காகவா, அந்த முப்பது பேருக்காகவா, தெரியவில்லை. அந்தக் கணத்தில் நான் பட்ட பயத்தை வேறெங்கும் பட்டதில்லை. "ஒரு மாசத்துக்கு மேல ஆச்சுங்க" என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு, விலங்கு மாட்டட்டும் என்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

அவர் சீட்டை மடித்து வைத்துவிட்டு உள்ளே போனார். வராந்தாவில் காத்திருந்தேன். வெயில் தாழ்ந்தபிறகு வந்தார். "முழங்காலுக்குக் கீழை எடுத்தாச்சு. ஆள் பிழைப்பார்" என்றார். நான் வாயைத் திறக்குமுன், "உம்மடை சீட்டிலை இண்டைக்கெண்டு எழுதிக் கிடக்கு. அது கிராணியின்ரை எழுத்து, என்ரை இல்லை. நான் காயத்தை மட்டும்தான் பாத்தனான்" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டார். அதை நம்புவதா வேண்டாமா? சுண்ணாம்புக் கம்பத்தில் தங்கியிருந்த நாளெல்லாம், போலீஸ்காரர் யார் தெருவில் வந்தாலும் நான் எருமைக் கொட்டிலுக்குள் புகுந்துகொள்வேன். காளிக்கு நேர்ந்துகொண்டேன். கல்மலைப் பக்கம் யாரும் விசாரணைக்குப் போகவில்லை என்று ரெங்கசாமி ஆள் அனுப்பிச் சொன்னார். இதை எழுதும்போது எல்லாருடைய தவணையும் முடிந்துவிட்டது, அதனால்தான் எழுதுகிறேன். பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்.

போக நினைப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். ரயிலுக்குச் சில்லறையாய்க் காசு வைத்துக்கொள்ளுங்கள். குடை அவசியம், மழை சொல்லாமல் வரும். வேலைக்குப் போகிறவர்கள், உடம்பில் எது பட்டாலும் அன்றைக்கே, கங்காணியிடம் மட்டுமல்ல, கிராணியும் துரையும் நிற்கும்போது வரிசையிலேயே சத்தமாய்ச் சொல்லிவிடுங்கள். ஆஸ்பத்திரியில் வெட்டுவார்கள் என்பது பாதி உண்மை. அன்றே வந்தவர்கள் இரண்டு காலோடு நடந்து போனதை அந்த வராந்தாவில் உட்கார்ந்து என் கண்ணால் பார்த்தேன். பக்கத்துக்காரன் மேல் இரக்கம் இருந்தால் அவனுக்குக் கஞ்சி கொடுங்கள், கல்லையும் உடைத்துக் கொடுங்கள். அவன் பெயருக்கு மட்டும் குரல் கொடுக்காதீர்கள்.

இனி வேலைக்கு உதவமாட்டார் என்று ஒப்பந்தத்தை ரத்துசெய்து சித்திரவேலை அனுப்பிவிட்டார்கள். கப்பல் புறப்படுமுன், மேல்தட்டில் எங்களை உட்காரவைத்து ஓர் அதிகாரி பெயர் கூப்பிட்டார். என் பெயர் வந்தது, சொன்னேன். அடுத்து, "சித்திரவேல்!"

அவர் ஊன்றி நடக்கும் கட்டையை மடியில் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் முறை கூப்பிட்டார்கள். காது கேட்கவில்லையோ என்று முழங்கையால் இடித்தேன். அவர் திரும்பிப் பார்த்தார். என்னை அல்ல, எனக்குப் பின்னால், கூட்டத்துக்குள். சாக்கு மறைப்புக்குள் படுத்தபடி ஒரு மாதம் அவர் கேட்டுக்கொண்டிருந்த அந்தக் குரலைத் தேடுகிறார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. வராதவர் என்று எங்கே இறக்கிவிடுவார்களோ என்ற பயத்தில் 'ஐயா' என் தொண்டைவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"நீங்கதான் மாப்பிள்ளை சொல்லணும்" என்றேன்.

அவர் கட்டையை ஊன்றி, என் தோளைப் பிடித்து, ஒற்றைக் காலில் எழுந்து நின்றார். "ஐயா!" என்று அவர் கத்திய கத்தலில் தட்டு முழுவதும் திரும்பிப் பார்த்தது.