நீலக் கோட்டு இசைக்குழு

லண்டனின் கோலியர்ஸ் வுட்டில் நான் வாடகைக்கு எடுத்த மாடி அறையில் ஒரு முழு டிரம்ஸ் செட் இருந்தது. சுவரோரமாக நிறுத்தி, பழைய படுக்கை விரிப்பொன்றால் மூடியிருந்தார்கள். "அதை மட்டும் அசைக்க வேண்டாம், மற்றபடி அறை உங்களுடையது" என்றார் வீட்டுக்காரர். அவர் ஐரிஷ்காரர், தனியாள், ஐம்பதைத் தாண்டியவர். அது எண்பதுகளின் நடுப்பகுதி. என் அகதி விண்ணப்பம் குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் கிடந்தது. நான் பெட்ரோல் நிலையமொன்றில் பகல் ஷிப்ட் செய்துகொண்டிருந்தேன். டிரம்ஸோடு படுப்பதில் எனக்கு ஆட்சேபமில்லை.

அறையில் என்னோடு தங்கிய எங்கள் ஊர் அண்ணை ஒருவருக்கு இருந்தது. வீட்டுக்கு அடியில் நிலத்தடி ரயில் ஓடியது. ஒவ்வொரு ரயிலுக்கும் விரிப்புக்குள்ளிருந்து மெல்லியதாய் ஓர் இரைச்சல் எழும், பல்லைக் கடித்துக்கொண்டு யாரோ மூச்சு விடுவதைப்போல.

"தம்பி, உதுக்குள்ள ஆரோ இருக்கினம்."

"ரயில் போகுதண்ணை."

"ரயில் போனா யன்னலல்லோ ஆடோணும். உது ஏன் முனகுது? எனக்கு ஏலாது, நான் போறன்."

சொன்னபடியே அந்த மாதமே அவர் வேறு இடத்துக்குப் போய்விட்டார். கோயிலுக்குப் பக்கத்தில் அறை கிடைத்ததாம்.

அவர் போனதற்கான காரணத்தை வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. மேலே வந்து விரிப்பைத் தூக்கினார். சிறிய டிரம் ஒன்றின் அடிப்பக்கத்தில் மெல்லிய கம்பிகள் தோலோடு ஒட்டி இழுபட்டு நின்றன. "இதுதான் சத்தம் போடுவது. தெருவில் லொறி போனாலும் இது அதிரும்" என்றார். பக்கத்தில் இருந்த சிறு பிடியைத் திருப்பினால் கம்பிகள் தளர்ந்து சத்தம் நின்றுவிடும் என்றும் சொன்னார். ஆனால் திருப்பவில்லை. "இதன் சொந்தக்காரன் இறுக்கி வைத்துவிட்டுப் போனது. அவன் வந்து தளர்த்தட்டும்."

பிறகு சமையலறையில் தேநீர் ஊற்றிக்கொண்டு கதையைச் சொன்னார்.

அயர்லாந்தின் மேற்கில் ஒரு சந்தைப் பட்டணத்தில் ஏழு பேர் சேர்ந்து தொடங்கிய நடன இசைக்குழு அது. இவர் சாக்ஸபோன். எல்லோருக்கும் ஒரே மாதிரி வெளிர் நீலக் கோட். அதற்கு முன்பிருந்த குழுக்கள் நாற்காலியில் உட்கார்ந்து தாளைப் பார்த்து வாசித்தன. இவர்கள் நின்றார்கள், ஆடினார்கள், ஊதிக்கொண்டே ஒரே நேரத்தில் இடப்பக்கமும் வலப்பக்கமும் கால் வைத்தார்கள். வானொலியில் அந்த வாரம் எது பிரபலமோ அதை அடுத்த வாரம் மேடையில் அப்படியே வாசித்தார்கள். சுற்றிலும் வயலைத் தவிர வேறொன்றும் இல்லாத இடங்களில் பெரிய நடனமண்டபங்கள் இருந்தன. சனங்கள் சைக்கிளில் வந்து குவிந்தார்கள். பெண்கள் ஒரு சுவரோரம், ஆண்கள் எதிர்ச் சுவரோரம். உள்ளே மது கிடையாது, சோடா மட்டும்தான். பாதிரியார் வாசலில் நிற்பார்.

"எங்கள் ஊரிலும் இசைக்குழுக்கள் இருந்தன" என்று நான் சொன்னேன். கோயில் திருவிழாக்களில் ஒரே நிறச் சட்டையோடு சினிமாப் பாட்டு வாசிப்பார்கள் என்று சொன்னதும் ஆவலாய்க் கேட்டார்: "பாதிரியார் எங்கே நிற்பார்?"

ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்தில் அயர்லாந்து மண்டபங்களில் நடனம் இல்லை. அந்த வாரங்களில் குழுக்கள் கப்பலேறி லண்டனுக்கு வந்துவிடும். கில்பர்னிலும் கிரிக்கிள்வுட்டிலும் கட்டட வேலை செய்யும் ஐரிஷ்காரர்களும் ஆஸ்பத்திரித் தாதிகளும் மண்டபங்களை நிறைத்தார்கள். காலம் மாறியது. ஊரில் ஹோட்டல்கள் டிஸ்கோ வைத்தன. வயல் நடுவே இருந்த மண்டபங்கள் தளபாடக் கிடங்குகளாயின. எழுபதுகளின் நடுவில் குழு கடைசியாக லண்டனுக்கு வந்தபோது மண்டபம் பாதிதான் நிறைந்தது.

ஊர் திரும்பும் காலையில் வான் வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். டிரம்ஸ்காரர் தன் டிரம்ஸை ஏற்றிவிட்டு, "முடி வெட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன்" என்று நீலக் கோட்டோடு நடந்தார். வரவில்லை. சலூனில் விசாரித்தார்கள். அப்படி ஒருவர் வந்து போனதாகச் சொன்னார்கள். காத்திருந்து கப்பலையும் தவறவிட்டார்கள். அடுத்த கப்பலில் மற்றவர்கள் போனார்கள். "நான் தேடிக் கூட்டிக்கொண்டு வருகிறேன்" என்று சாக்ஸபோன்காரர் மட்டும் டிரம்ஸோடு நின்றார். நின்றவர் வேலை தேடிக்கொண்டார், வீடு வாங்கினார், திரும்பிப் போகவேயில்லை. குழு அத்தோடு முடிந்தது.

"உனக்கு அப்படி யாராவது உண்டா?" என்று கேட்டார்.

என் அண்ணாவைப் பற்றிச் சொன்னேன். சைக்கிளுக்குக் காற்றடிக்கச் சந்திக்குப் போனான். அன்று இராணுவத்தின் சுற்றிவளைப்பு. சைக்கிள் மட்டும் கடை வாசலில் நின்றது. அம்மா முகாம் முகாமாய்க் கேட்டுத் திரிந்தா. யாரும் பிடித்ததாகவும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.

அவர் தட்டை என் பக்கம் தள்ளினார். "பிஸ்கட் எடு" என்றார்.

அதற்குப் பிறகு என் ஓய்வு நாட்களில் சிலவேளை அவரோடு போயிருக்கிறேன். கேம்டன் டவுனில் வயதான ஐரிஷ் ஆண்கள் தங்கும் விடுதிகள் இருந்தன. கல்யாணம் செய்யாதவர்கள், வீதி வெட்டியவர்கள், ஊருக்குப் போக வெட்கப்பட்டவர்கள். அவர்களில் பலர் ஒருகாலத்தில் தாங்கள் ஏதோ ஒரு குழுவில் வாசித்ததாகச் சொன்னார்கள். எல்லா விடுதிகளிலும் வீட்டுக்காரர் தன் தொலைபேசி எண்ணைக் கொடுத்து வைத்திருந்தார்.

எண்பதுகள் முடியும் வேளையில் ஒரு விடுதியிலிருந்து அழைப்பு வந்தது. அதே பெயரும் ஏறக்குறைய அதே வயதும் உள்ள ஒருவர் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார், உறவென்று யாரும் இல்லை, தான் டிரம்ஸ் வாசித்தவர் என்று சொல்லிக்கொள்வாராம்.

பிணவறைக்கு நானும் போனேன். தாடியும் நரையுமாய், கன்னம் ஒட்டிய முகம். வீட்டுக்காரர் நெடுநேரம் பார்த்தார். பிறகு அங்கிருந்த ஊழியரிடம் கையைக் காட்டச் சொன்னார். விரல்கள் வீங்கியிருந்தன. வெளியே வந்து பஸ் தரிப்பிடத்தில் உட்கார்ந்து சொன்னார்: "தெரியவில்லை. அவனாக இருக்கலாம். இவ்வளவு காலத்துக்குப் பிறகு என் முகமே அவனுக்கு அடையாளம் தெரியாது." வந்த பஸ்ஸைப் போகவிட்டு, "இது அவன் இல்லையென்று சொன்னால் கவுன்சில் ஆட்கள் கொண்டுபோய்ப் புதைத்துவிடுவார்கள். யாருமே நிற்கமாட்டார்கள்" என்றார்.

அவன்தான் என்று வீட்டுக்காரர் கையெழுத்திட்டார். குழுவில் மிஞ்சியவர்கள் அடக்கத்துக்கு அயர்லாந்திலிருந்து வந்தார்கள். ஒருவர் பலசரக்குக் கடைக்காரர், ஒருவர் பாடசாலை பஸ் ஓட்டுநர். பெட்டி தூக்க ஆறு பேர் வேண்டும். ஒருவர் குறைந்தார். வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். கடன் வாங்கிய கறுப்புக் கோட்டில், முன்பின் அறியாத ஒரு மனிதனை நானும் தோளில் சுமந்தேன். பெட்டி கனமேயில்லை. குழியருகே மெதுவான வால்ட்ஸ் ஒன்றை ஊதினார்கள். டிரம்ஸ் ஒலிக்க வேண்டிய இடங்களில் அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு வெறுமனே கணக்கு வைத்தார்கள். என் அண்ணாவை எங்கே வைத்திருப்பார்கள், யார் தூக்கியிருப்பார்கள் என்று அப்போது நினைத்தேன்.

கல் நாட்டினார்கள். பெயருக்குக் கீழே டிரம்ஸ்காரர் என்று வெட்டியிருந்தது. ஆனாலும் அறையில் சத்தம் நிற்கவில்லை. வீட்டுக்காரர் அந்தப் பிடியைத் திருப்பவுமில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் கதவு தட்டப்பட்டது. நான்தான் திறந்தேன். மழைக்கோட்டும் தொப்பியுமாய், நன்றாகச் சவரம் செய்த ஒருவர். வீட்டுக்காரரின் பெயரைச் சொல்லி, இருக்கிறாரா என்று கேட்டார்.

"யார் வந்திருப்பதாகச் சொல்ல?"

"அவர் அடக்கம் செய்த ஆள் என்று சொல்லுங்கள்."

வேடிக்கையாகச் சொல்லத்தான் பார்த்தார். குரல் ஒத்துழைக்கவில்லை. நான் அழைக்கும் முன்பே வீட்டுக்காரர் பாத்திரம் துடைக்கும் துணியோடு நடைக்கு வந்துவிட்டார். இருவரும் கட்டிப்பிடிக்கவில்லை. வீட்டுக்காரர் கேட்டார்: "அந்தக் கோட்டை என்ன செய்தாய்?"

"கவென்ட்ரியில் முதல் குளிர்காலம் முழுக்க அதைத்தான் போட்டேன். கிழிந்துபோயிற்று."

அவர் லண்டனில் இருக்கவேயில்லை. அன்று சலூன் கண்ணாடியில் நீலக் கோட்டோடு தன்னைப் பார்த்தாராம். ஊர் போனால் அடுத்த சனியும் ஒரு பாதி வெறும் மண்டபம் என்று தோன்றியதாம். வெளியே வந்து எதிர்ப்பக்கம் போகும் பஸ்ஸில் ஏறினார். மறுநாள் திரும்ப நினைத்தார், வெட்கமாக இருந்தது. அடுத்த வாரம் இன்னும் வெட்கம். பிறகு பேக்கரியொன்றின் பாண் வான் ஓட்டினார், கல்யாணம் செய்தார். ஒருநாள் அங்கே ஒரு பப்பில் யாரோ ஒரு டிரம்ஸ்காரரின் செத்த வீட்டைப் பற்றிக் கதைத்தார்கள். பெயரையும் அடக்கம் செய்தவர் யார் என்பதையும் கேட்டதும் கிளாஸைக் கீழே வைத்தாராம்.

"எனக்குப் பதிலாகக் கிடப்பவன் யார் என்று பார்க்க வேண்டும்" என்றார்.

மூவரும் மயானத்துக்குப் போனோம். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கல்லில் தன் பெயரை வாசித்தார். பிறகு, இறந்தவருக்குச் சொல்லும் செபத்தை முணுமுணுத்தார். பெயரை அழித்துவிடலாம் என்று வீட்டுக்காரர் சொன்னார்.

"வேண்டாம். அவனுக்கும் இதே பெயர்தானே. இருக்கட்டும்."

அன்று அவர் மாடிக்கு வரவில்லை. டிரம்ஸைப் பார்க்க மாட்டேன் என்றார். மாலை ரயிலில் போனார். பிறகு கிறிஸ்மஸுக்கு வாழ்த்து அட்டை வரும், ஆள் வந்ததில்லை. தேடிய ஆள் கிடைத்த பிறகும் வீட்டுக்காரர் மயானத்துக்குப் போவதை விடவில்லை. பூ வைத்துவிட்டு வருவார். "எங்கேயோ ஒரு வீட்டில் இவனுக்காக யாரோ இன்னும் கதவைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நாங்கள் வேறொருவன் கல்லுக்குக் கீழே இவனை ஒளித்து வைத்திருக்கிறோம்" என்று ஒருமுறை சொன்னார். விடுதியிலும் விசாரித்தார். அங்கே அந்த மனிதனை அறிந்தவர்கள் யாரும் மிஞ்சியிருக்கவில்லை.

டிரம்ஸ்காரர் வந்துபோன அந்த ஆண்டு அம்மா கொழும்புக்கு வந்து வெள்ளவத்தையில் தங்கியிருந்தா. அண்ணா செத்துவிட்டானென்று ஏற்று அவனுக்கு அந்தியேட்டிக் கிரியை செய்துவிடச் சொல்லி உறவினர்கள் நெருக்கிக்கொண்டிருந்தார்கள். தொலைபேசியில் அதைச் சொல்லி, நான் என்ன நினைக்கிறேன் என்று கேட்டா. டிரம்ஸ்காரரின் கதையைச் சொன்னேன், பெட்டியைத் தூக்கியது முதல் கல்லில் பெயர் வாசித்தது வரை.

அம்மா கேட்டா: "திரும்பி வந்த அந்தாளுக்குத் தாய் இருந்தவவோ?"

"தெரியேல்லை அம்மா."

"கேட்டிருக்கலாமே."

லைன் இரைந்துகொண்டிருந்தது.

"சரி அப்பன். அப்ப நான் இன்னும் கொஞ்சம் பொறுக்கிறன்" என்றா.

நான் ஓம் என்றேன்.