கொள்ளுக்கொடி மேல் கார் ஏறலாமா?

டிரைவர் இல்லாமல் ஓடும் காருக்கு, எதிரில் நிற்பது மாடா மனுஷனா என்று சொல்லிக்கொடுப்பதுதான் என் பிழைப்பு. கேமரா வைத்த கார் பிடித்த ரோட்டுப் படங்கள் எங்கள் கம்ப்யூட்டருக்கு வரும். அதிலிருக்கும் ஒவ்வொன்றையும் சுற்றிக் கட்டம் போட்டு ஆள், வண்டி, மரம், தடை என்று பெயர் வைக்க வேண்டும். என்னைப் போலக் கட்டம் போட்டே கண் பூத்துப்போனவர்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை.

பாலக்காட்டுச் சித்தூர் ஆபீசில் சேரும்போதே சொல்லிவிட்டார்கள்: மூன்று மாதம் சோதனை, அதற்குள் பத்துத் தப்பு விழுந்தால் வீட்டுக்குப் போகலாம். பக்கத்தில் எங்கள் ஊர் நல்லேப்பிள்ளியில் அப்பா அதற்காகவே எனக்கென்று ஒரு மண்வெட்டி வாங்கி வைத்துக் காத்திருந்தார்.

ஜீப்பில் எத்தனை பேர்

முதல் தப்பு இடுக்கியிலிருந்து வந்தது. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்; ஜீப் என்றே போட்டேன். தலைகளை எண்ணினால் பதினெட்டு, பின்னால் தொங்குகிறவர்கள் தனி. ஜீப்பில் இத்தனை பேர் ஏற மாட்டார்கள், இது பஸ்ஸாகத்தான் இருக்கும் என்று வெளிநாட்டில் சரிபார்க்கிறவர் திருப்பி அனுப்பிவிட்டார். பக்கத்து சீட் செல்வி அதே இடுக்கிப் பக்கத்து ஆனைக்கரைக்காரி. படத்தை ஒரு பார்வை பார்த்தாள்.

"இதைப் போயி பஸ்ஸுங்கிறாகளே. டிரைவரு காலை நீட்டி உக்காந்திருக்காரு பாருங்க, இது காலி ஜீப்புண்ணே."

நடுரோட்டு வாழை

நடுரோட்டில் ஒரு வாழை நின்றது. மரம் என்று போட்டேன். ரோட்டுக்கு நடுவே மரம் முளைக்காது என்று திரும்பி வந்தது. குழியை மூடச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன நம் ஆட்கள் அதில் வாழைக்கன்று நடுவார்கள் என்று அந்த மனுஷனுக்கு எப்படித் தெரியும்? அது என் ஒன்பதாவது தப்பு. எங்கள் டீம் லீடர் மணி சார், கல்பாத்திக்காரர், நிதானமாக வந்து பார்த்தார்.

"இப்போதைக்குத் தற்காலிகத் தடைன்னு போடுடா. குலை தள்ளியும் ரோடு போடலேன்னா மரம்னு மாத்திக்கலாம்."

பத்தாவது தப்பு

சோதனை முடிய நாலு நாள் இருந்தது. ஒரு படத்தில் ரோடு முழுக்கக் கொள்ளுக்கொடி. யோசிக்கவே இல்லை, 'ஓட்டலாம்' என்று போட்டுவிட்டேன். எங்கள் பக்கம் அதை ரோட்டில் பரப்புவதே வண்டி ஏறிக் கொள்ளு உதிரட்டும் என்றுதானே! மறுநாள் திரும்பி வந்தது: ரோட்டில் குப்பை, கார் நிற்க வேண்டும். பத்து ஆகிவிட்டது.

மணி சாரிடம் போய், "சார், இதுல நின்னாத்தானுங்க தப்பு" என்றேன். அவர் அடுத்தடுத்த படங்களை ஓட்டினார். ஓரத்தில் ஒருவர் துண்டை வீசி வீசி, மேலே ஏறி வா என்று அந்தக் காரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். முகங்களை மங்கலாக்கித்தான் அனுப்புவார்கள். ஆனால் அவர் பக்கத்தில் நின்ற மொபெட்டின் சீட் கிழிசலுக்குப் பச்சை டேப் ஒட்டியது நான்தான். "சார், அது எங்கப்பாங்க" என்றேன். விளைவித்தவரே ஏறச் சொல்லிக் கூப்பிடுகிறார், படத்தைப் பாருங்கள் என்று மணி சார் எழுதிப் போட்டார். சாயங்காலத்துக்குள் தப்பு ரத்தானது, வேலையும் தங்கியது.

சந்தோஷம் தாங்காமல் வீட்டுக்கு ஓடினேன். அப்பா வாசலில் கொள்ளு புடைத்துக்கொண்டிருந்தார். நான் மூச்சு வாங்கச் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு முறத்தைக் கீழே வைத்தார்.

"அதெல்லாஞ் செரி, அந்தக் காரை இன்னொருக்கா வரச் சொல்லு. பாதிக் கொள்ளு உதிரவே இல்ல."

கார்க்காரர்கள் எனக்கு வேலை கொடுத்ததாக நான் சொல்லிக்கொண்டு திரிகிறேன், அந்தக் காருக்கே வேலை கொடுத்தது தான்தான் என்று அப்பா ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார்.