ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம்

எங்கள் மகள் சுகந்தியின் வாயில் சில மாதங்களாக ஒரே பெயர், டெனிஸ். டெனிஸைப் பார்க்க வேண்டும், டெனிஸோடு பேச வேண்டும் என்பாள். கூடப் படிக்கிற பிள்ளை என்றுதான் நானும் என் மனைவி ராஜியும் நினைத்திருந்தோம். பிறகுதான் தெரிந்தது, டெனிஸ் அவள் கல்லூரியின் ஆசிரியை, தலை முழுக்க நரைத்த அம்மா. கனடாவில் டீச்சரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், அவர்களும் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார்கள். எனக்கு இன்னும் வாய் வரவில்லை. மனதுக்குள்கூட டெனிஸ் டீச்சர் என்றுதான் சொல்லிக்கொள்கிறேன்.

நான் இலங்கையில் கேகாலைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்துக்காரன். பால் வெட்டிக்கொண்டிருந்தவன். ராஜியின் அண்ணன் இங்கே முன்பே வந்திருந்ததால் அவர் வழியாக நாங்களும் வந்தோம். இப்போது ஒரு பேக்கரியில் இரவு வேலை. அதிகம் படித்தவன் இல்லை. ஊரில் இருக்கிறவர்களும் என்னைப்போல வெளியே வந்தவர்களும் வாசிப்பார்கள் என்று, முருகனை நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

சுகந்தி நர்சிங் படிக்கிறாள். மனப்பாடமாக வருவதெல்லாம் அவளுக்குச் சுலபம். நோயாளிக்கு எவ்வளவு மருந்து கொடுப்பது என்று கணக்குப் போடும் பரீட்சையில்தான் தவறிவிட்டாள். அதில் மறுபடி தவறினால் நர்சிங் இடம் போய்விடும் என்று கல்லூரி சொல்லிவிட்டது. ஒரு நாள் சாயங்காலம் அவளே வந்து சொன்னாள்.

“அப்பா, என்ன பவுண்டேஷன் மெத்ஸ்ல போட்டிருக்காங்க.”

“அப்படின்னா?”

“அடியில இருந்து சொல்லித் தருவாங்க. பின்னம், விகிதம் எல்லாம்.”

“பின்னமா? அது ஆறாம் ஆண்டு பாடம்தானே?”

ராஜி அடுப்பை அணைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

காரணம் எனக்குத் தெரியாததில்லை. தோட்டத்துப் பாடசாலையில் அவள் படித்த காலத்தில் கணக்குக்கு ஆள் இல்லை. சமய பாடம் எடுக்கிற டீச்சர்தான் வந்து கணக்கையும் விடையையும் சேர்த்துக் கரும்பலகையில் எழுதிவிட்டுப் போவார். பாவம், அவரால் அவ்வளவுதான் முடிந்தது. பிள்ளைகள் அழகாகப் பார்த்து எழுதினார்கள். சுகந்தியின் கொப்பியைப் பார்த்து நாங்கள் பெருமைப்பட்டிருக்கிறோம்.

ஆனால் பிள்ளையைக் கீழ் வகுப்பில் போட்டுவிட்டார்கள் என்று விளங்கியதும் எனக்கு என் உடம்பே கூசியது. ஐந்தாம் ஆண்டு முடித்து நான் தோட்டத்திலிருந்து டவுன் பாடசாலைக்குப் போனபோது, தோட்டத்துப் பிள்ளைக்கு அடி சரியில்லை என்று இரண்டு வகுப்பு கீழே உட்கார வைத்தார்கள். சின்னப் பிள்ளைகளின் பெஞ்ச். முழங்கால் மேசையில் இடிக்கும். பஸ்ஸில் அந்தப் பிள்ளைகளே என்னை “அங்கிள்” என்று கூப்பிட்டு விளையாடுவார்கள், கண்டக்டரும் சிங்களத்தில் அதையே சொல்லிச் சிரிப்பார். மூன்று மாதத் தவணை ஒன்றுகூடத் தாங்கவில்லை. கத்தியை எடுத்துக்கொண்டு அப்பாவோடு பால் வெட்டப் போய்விட்டேன்.

அதனால் சட்டென்று சொல்லிவிட்டேன். “நிப்பாட்டிரு பிள்ள. பேக்கரியில ஆள் எடுக்குறாங்க. நான் சொல்லி வெக்கிறேன்.”

அவள் தலையை ஆட்டிவிட்டு அறைக்குள் போனாள். சரி என்கிறாளா, வேண்டாம் என்கிறாளா, ஒன்றும் விளங்கவில்லை. அன்றிலிருந்து எனக்கு நிலைகொள்ளவில்லை. ரொட்டித் தட்டைத் தள்ளும்போதும் அதே நினைவு. பகலில் படுத்தால் கண் மூடும், தூக்கம் வராது.

கடைசியில், அந்தக் கணக்கு வகுப்பை எடுக்கிற டெனிஸ் டீச்சரையே நேரில் பார்த்து மேல் வகுப்பில் போடச் சொல்லிக் கேட்கலாம் என்று கிளம்பினேன். ஊரில் பிள்ளைக்காக டீச்சரைப் பார்க்கப் போனால் வெறுங்கையோடு போகமாட்டோம். வெள்ளிக்கிழமை கோயிலில் சுகந்தி பெயருக்கு அர்ச்சனை செய்து, ஒரு சீப்பு வாழைப்பழமும் விபூதிப் பொட்டலமும் எடுத்துக்கொண்டு போனேன்.

டெனிஸ் டீச்சர் ஒரு பெரிய கண்ணாடி அறைக்கு வெளியே சின்ன மேசையில் உட்கார்ந்திருந்தார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், சுகந்தியின் அப்பா என்றேன். சிரித்துக்கொண்டே எழுந்து கை கொடுத்தார். பிறகு, அப்படி ஒருவர் இங்கே படிக்கிறாரா இல்லையா என்று தன்னால் சொல்ல முடியாது என்றார்.

பெயரை வெட்டிவிட்டார்கள் என்றே நினைத்தேன். “நல்ல பிள்ளை மிஸ். பேரை வெட்டாதீங்க. மேலே போடுங்க மிஸ்,” என்று கையைக் கூப்பிவிட்டேன்.

யார் பெயரையும் வெட்டவில்லை என்று அவர் பதறிக்கொண்டு சொன்னார். வயது வந்த மாணவர்களைப் பற்றி, அவர்கள் சம்மதம் இல்லாமல், பெற்றவர்களிடமும் பேசக் கூடாதாம். சட்டமாம்.

“நான் அப்பா, மிஸ்.”

“பார்த்தாலே தெரிகிறது. அதனால்தான் எனக்கும் கஷ்டமாக இருக்கிறது.”

ஊரில் பிள்ளையின் சம்மதத்தை யார் கேட்டார்கள்? என் அப்பாவும் மாஸ்டரும் வாசலில் நின்று பேசிய பேச்சில் நான் இரண்டு வகுப்பு கீழே போனேன். இங்கே நான் பெற்ற பிள்ளையைப் பற்றிக் கேட்க எனக்கு உரிமை இல்லை. திரும்பிப் போகலாமா என்று நின்றேன். அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம்,” என்றார். “யாரோ ஒரு பெண்.”

நான் உட்கார்ந்தேன். அந்த யாரோ ஒரு பெண்ணை நர்சிங்கிலிருந்து இறக்கவில்லையாம். அதையும் படிக்கிறாள், கூடவே இதையும் படிக்கிறாள். அடுத்த வாரம் மருந்துக் கணக்கு வருகிறது என்றால், அதற்கு வேண்டிய பின்னத்தை இந்த வாரம் இங்கே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். எந்த இடத்தில் விட்டுப்போனது என்று தேடிப் பிடித்து அங்கிருந்து தொடங்குகிறார்கள். சொல்லிக்கொண்டே கண்ணாடிக்குள் கையைக் காட்டினார். உள்ளே என்னைவிட வயதான ஒரு லொறி டிரைவர், தள்ளுவண்டியில் குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு ஒரு தாய், இன்னும் சிலர். யாருடைய முழங்காலும் மேசையில் இடிக்கவில்லை.

“அந்தப் பெண் பாஸ் பண்ணுவாளா மிஸ்?”

“தெரியாது. புரியவில்லை என்று வாய் திறந்து கேட்டால் நல்ல வாய்ப்பு இருக்கிறது. எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தால் எனக்கு உதவி செய்யத் தெரியாது.”

ஆட்டுவாள். எங்கள் வீட்டில் எல்லோரும் ஆட்டுவோம். கங்காணி கேட்டால், தோட்ட ஆபீஸ் கிளாக்கர் கேட்டால், டீச்சர் கேட்டால், விளங்கினாலும் விளங்காவிட்டாலும் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்து பக்கத்து ஆளிடம் கேட்டுக்கொள்வோம். அதை மரியாதை என்று சொல்லித்தான் அவளை வளர்த்தோம். இதையெல்லாம் டீச்சருக்குச் சொல்ல என்னிடம் ஆங்கிலம் இல்லை.

“அந்தப் பெண் காலையில சாப்பிடாம வருவா மிஸ்,” என்று மட்டும் சொன்னேன்.

“யாரோ ஒரு பெண்தானே?”

“ஆமா மிஸ். யாரோ ஒரு பெண்.”

பழத்தையும் விபூதியையும் அவர் வாங்கவில்லை. அதுவும் கூடாதாம். உள்ளே எல்லோரும் கோப்பி குடிக்கிற மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

அன்று சாயங்காலம் நான் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் சுகந்தி வந்தாள். பையைக் கூட இறக்கவில்லை.

“அப்பா, காலேஜுக்கு வந்தீங்களா?”

“யாரு சொன்னா?”

“யாரு சொல்லணும்? மேசையில சாமி பழம் இருக்கு. பக்கத்துல கோயில் கலண்டர் தாள்ல மடிச்ச விபூதி. இந்த ஊருல வேற யாரு வெப்பா?” முகம் சிவந்திருந்தது. “லொறி ஓட்டுற அங்கிள் அத சீனின்னு நெனச்சு கோப்பியில கொட்டப் போனாரு. நான் எந்திரிச்சு ஓடிப் போய்க் கைய புடிச்சேன்.”

ராஜி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “கொட்டியிருந்தா அவருக்குக் கணக்கு வந்திருக்கும் போ.”

“சிரிக்காதீங்கம்மா. எல்லாரும் என்னன்னு கேட்டாங்க. அந்த வகுப்புல நான் வாய தொறந்து பேசினதே இன்னிக்குத்தான்.” பை வாரைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டாள். “தொறந்தது தொறந்தாச்சுன்னு, விகிதம் எனக்குப் புரியலன்னும் டெனிஸ்கிட்ட கேட்டுட்டேன்.”

“சிரிச்சாங்களா?”

“இல்லப்பா. இன்னும் மூணு பேரு தங்களுக்கும் புரியலன்னாங்க.”

முருகன் வேலை என்று நான் சொன்னேன். வாழைப்பழத்தின் வேலை என்றாள் ராஜி.

பிறகு சுகந்தி பையை இறக்கிவிட்டு என் முன்னால் உட்கார்ந்தாள். “நிப்பாட்டுறதுன்னா நாளைக்குள்ள சொல்லணும். நீங்க சொல்லுங்க. போறதா, விடுறதா?”

கல்லூரி என்னைக் கேட்கவில்லை, சட்டமும் கேட்கவில்லை. இவள் கேட்கிறாள். அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷமா பயமா என்று தெரியவில்லை. பேக்கரியில் இடம் கேட்டு வைத்திருந்ததும் நினைவுக்கு வந்தது.

“போம்மா,” என்றேன்.

“அப்ப நீங்க இனி அங்க வரக் கூடாது.”

“வரல.”

“பழமும் வரக் கூடாது.”

“ஹரி, ஹரி,” என்றேன். சரி, சரி என்று சொல்ல வாயெடுத்தால் ஊர்ப் பழக்கத்தில் சிங்களம்தான் வந்தது.

மறு பரீட்சை ஒரு காலை நேரத்தில் வைத்தார்கள். நான் வேலை முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். இருக்கை இல்லை, கம்பியைப் பிடித்து நின்றேன். இங்கே விடியும்போது ஊரில் அந்திப் பூசை நேரம். பிள்ளை பெயருக்கு அர்ச்சனை செய்ய, ஊரில் இருக்கிற என் அண்ணனிடம் முதல் நாளே சொல்லியிருந்தேன். தோட்டத்து மாரியம்மன் கோயிலிலிருந்து போன் எடுத்தார்.

“தம்பி, புள்ளைக்கு நட்சத்திரம் சொன்னே, சரி. பூசாரி எந்தத் தோட்டம்னு கேக்குறாருடா. என்ன சொல்ல?”

நான் யோசித்தேன். அவள் பிறந்தது அந்தத் தோட்டத்தில்தான். தொழிலாளர் லயத்தில் நாங்கள் குடியிருந்த காம்பிராவில் இப்போது வேறு ஆட்கள். இந்த ஊர்ப் பெயரைச் சொன்னால் மாரியம்மனுக்கு வழி தெரியுமா?

“என்னடா பேச்சக் காணோம்? மணி அடிக்கப் போறாங்க.”

அதற்குள் மணி அடித்துவிட்டது. மழையும் பெய்கிறது போல, தகரத்தில் விழும் சத்தம் கூடவே கேட்டது. அதே நேரம் பஸ் கல்லூரியைத் தாண்டியது. மேல் மாடியில் விளக்கு எரிந்தது. எந்த அறையில் என் பிள்ளை எழுதுகிறாள் என்று தெரியவில்லை. கும்பிட வேண்டும் போலிருந்தது. ஒரு கையில் கோயில் மணி கேட்கும் போன், மறு கையில் பஸ் கம்பி. பஸ் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. எந்தக் கையை எடுப்பது என்று தெரியாமல் அப்படியே நின்றேன்.