‘இல்லை என்போர்?’ என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தவர்

அன்று காலை ஏரிக்கரையில் நடந்துவிட்டுத் திரும்பும்போது, எங்கள் குடியிருப்பின் கேட்டுக்கு வெளியே மீன்கார எல்லம்மா கூடையைக் கீழே இறக்காமல் நின்றுகொண்டிருந்தாள். என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள், அன்றைக்குத் தானாக வந்து பேசினாள். "மேடம், சேதி தெரியாதா? மூணாவது மாடி சார் பூட்டாரு. நெஞ்சு வலிக்குதுன்னு விடியக்காத்தால ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போனாங்களாம். வழியிலயே..." ஒன்றரை வருடமாக அவள் அந்த கேட்டுக்கு வெளியே நிற்பதற்குக் காரணம் நான். அதைச் சரிசெய்யச் சொல்லிக்கொண்டே இருந்த ஜெபமணி சார் போய்விட்டார்.

கீழ்க்கட்டளையில் அவரைத் தெரியாதவர் குறைவு. தாம்பரத்தில் அவருடைய தேவாலயத்தில் தெரியாதவரே கிடையாது. இதைப் படிக்கும் உங்களில் பலர் அவரிடம் உட்கார்ந்து மனு எழுதி வாங்கியிருப்பீர்கள். முப்பது வருடத்துக்கு மேல் பல்லாவரத்தில் மின்சார ரயில் ஏறி, கோட்டையில் இறங்கி, சட்டமன்றச் செயலகத்தில் வேலை பார்த்தவர். சபைக்குப் புதிதாக வரும் சட்டமுன்வடிவுகள் அவர் மேசையைத் தாண்டித்தான் உள்ளே போகும். நான் தொலைபேசித் துறையில் புகார்ப் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவள். வந்த புகாரை அன்றைக்கே முடித்துப் பழகியவள். எங்கள் இருவரையும் ஒரே சங்கத்தில் உட்காரவைத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

குடியிருப்போர் சங்கத்தின் முதல் கூட்டத்திலேயே அவர் பதவி எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒரு முறையை மட்டும் எங்கள் தலையில் கட்டினார். புதிதாக ஒரு விதி வேண்டுமென்றால், அதன் நகல் ஏழு நாள் முன்னதாக இருபத்து நான்கு வீட்டுக்கும் போய்ச் சேர வேண்டும். கூட்டத்தில், கொண்டுவருகிறவர் எழுந்து தலைப்பை மட்டும் வாசித்து, அறிமுகம் செய்ய அனுமதி கேட்க வேண்டும். அப்போது விவாதம் கூடாது. தலைவர் ‘ஆம் என்போர்?’ என்று கேட்பார். பிறகு ‘இல்லை என்போர்?’ என்று கேட்பார். அனுமதி கிடைத்தால் அதற்கு ஓர் எண். அதன் பிறகுதான், இப்போதே ஆராய்வதா, ஒரு குழுவுக்கு அனுப்புவதா என்ற பேச்சு. குழுவுக்குப் போனால், அவர்கள் சம்பந்தப்பட்டவர்களைக் கூப்பிட்டுக் கேட்டு, பிரிவு பிரிவாகப் பார்த்து, அறிக்கையோடு திருப்பி அனுப்ப வேண்டும். மொட்டை மாடிச் சாவி யாரிடம் இருப்பது என்பதுதான் எங்களுடைய ஒன்றாம் எண் சட்டமுன்வடிவு. குண்டுச்சட்டியில் குதிரை ஓட்டுகிறார் மனிதர் என்று அவர் காதுபடவே சொன்னேன். "குதிரை பெருசோ சின்னதோ மேடம், கடிவாளம் ஒண்ணுதான்" என்று சிரித்தார்.

அறிமுகத்தில் ஏன் பேசக் கூடாது என்று ஒருமுறை சண்டைக்குப் போனேன். "அறிமுகம்ங்கறது பொண்ணு பாக்க வர்ற மாதிரி மேடம். வந்தவங்கள உள்ள கூப்பிட்டு உக்கார வெக்கணும். அன்னிக்கே தாலி கட்டிட முடியுமா? இல்ல, வாசல்லயே நிக்க வெச்சு அனுப்பிட முடியுமா?" என்றார். இன்னொரு பழக்கம் எனக்கு அதைவிட எரிச்சலூட்டியது. தலைவர் ‘இல்லை என்போர்?’ என்று கேட்டதும் உடனே முடித்துவிடக் கூடாது. ஜெபமணி சார் முழங்கால்மேல் கையை வைத்து, ஐந்து விரலையும் ஒவ்வொன்றாக மடக்குவார். கட்டைவிரல் மடங்கும்வரை தலைவர் காத்திருக்க வேண்டும். எல்லாரும் ஆம் சொல்லிவிட்ட பிறகு எதற்கு இந்தக் கூத்து என்றேன். "கேக்காம ‘யாரும் இல்லை’ன்னு எழுதுனா அது பொய் மேடம். கேட்டுட்டு நிக்காம எழுதுனாலும் பொய்தான்."

பிறகு அந்தச் சனிக்கிழமை வந்தது. லிஃப்ட்டின் தரையெல்லாம் ஈரம், மீன் தண்ணீர். கால் வழுக்கி விழுந்ததில் என் வலது மணிக்கட்டில் எலும்பு முறிந்தது. மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்தபோது எனக்கு மூக்குக்கு மேல் கோபம். எங்கள் குடியிருப்பில் வீடு வீடாக ஏறி மீன் விற்பவள் எல்லம்மா ஒருத்திதான். வேறு யாராக இருக்க முடியும்? இடது கையாலேயே ஒரு சட்டமுன்வடிவு எழுதினேன். கோழி கிளறியது போன்ற எழுத்தில் ஒரே ஒரு வரி: வெளி வியாபாரிகள் யாரும் கேட்டைத் தாண்டி உள்ளே வரக் கூடாது. சங்கத்தின் செயலாளர் நான்தான் என்பதால் கடிதம், பதிவேடு என்று எழுத வேண்டியது நிறைய இருந்தது. விழுந்த மறுநாளிலிருந்து ஜெபமணி சார் தினமும் சாயங்காலம் வந்து, நான் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுத்தார். என்ன நல்ல மனிதர் என்று என் மகளிடம் போனில் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனேன்.

அறிமுகத்துக்கு எல்லாரும் ஆம் சொன்னார்கள். ஐந்து விரலும் மடங்கின. உடனே அவர் எழுந்து, இதைக் குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்றார்.

"ஒரு வரிக்கு எதுக்கு சார் குழு? கொசு அடிக்க பீரங்கியா?"

"ஒரு வரிதான் மேடம். அதுக்குள்ள ஒருத்தங்க பொழப்பு இருக்கு. அரிசிய ஊற வெக்காம ஆட்டுனா மாவு வராது."

சட்டமன்றத்திலேயே குழுவுக்குப் போவது அபூர்வம் என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். தம்முடைய இத்தனை வருட வேலையில் அப்படிப் போனதை விரல்விட்டு எண்ணிவிடலாம், ஆனால் போனது எதுவும் போன மாதிரியே திரும்பி வந்ததில்லை என்பார். கூட்டம் அவர் பக்கம் சாய்ந்தது. குழுவுக்கு அவர் தலைவர், தரைத்தளத்து ரஹ்மான் பாய் ஓர் உறுப்பினர், கொண்டுவந்தவள் என்பதால் நான் ஓர் உறுப்பினர்.

கார் நிறுத்துமிடத்தில், இரண்டு ஸ்கூட்டர்களுக்கு நடுவே நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள். நான்காவது யாருக்கு என்று பார்த்தால், எல்லம்மா வந்து நிற்கிறாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளும் மிரண்டுதான் போயிருந்தாள். "இன்னா சார் இது, கோர்ட்டு மாரி கீது?" என்றாள். உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்துவிட்டு, தெரிந்ததைச் சொன்னால் போதும் என்றார் ஜெபமணி சார்.

"நான் லிஃப்ட்டுல ஏறுனதே இல்ல சார். அதுக்குள்ள பூந்தா எனக்கு மூச்சு முட்டும். நாலு மாடியும் படிலதான் ஏறிகினு கீறேன். மேடம் வுழுந்த அன்னிக்கி நான் மேலயே போவல. கால் நோவு. கேட்டாண்டயே குந்திகினு வித்தேன். வூட்லேர்ந்து எறங்கி வந்து வாங்கிகினு போனாங்க."

ரஹ்மான் பாய் எழுதியதை ஜெபமணி சார் வாங்கி, அவளுக்கே படித்துக் காட்டினார். ‘கீது’, ‘குந்திகினு’ எல்லாம் அப்படியே. முன்பு சட்டமன்றக் குழு ஒன்றில், தூரத்திலிருந்து வந்த ஒரு விவசாயி சொன்னதை இவர் அழகான நடையில் திருத்தி எழுதிப் படித்துக் காட்டினாராம். அந்த மனிதர், "சொன்னது நான்தாங்க, ஆனா பேசறது நீங்க" என்றாராம். அன்றிலிருந்து யார் வாயையும் அவர் திருத்துவதில்லை.

நான் விடவில்லை. "கீழ வந்து வாங்குனவங்க யார் யாரு? பேர் சொல்லு" என்று அதட்டினேன். எல்லம்மா ஜெபமணி சாரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். "அது வாணாம் மேடம். எனக்கு நெனப்பு இல்ல."

ஜெபமணி சார் எழுந்தார். "பாய், எழுதறத நிறுத்தாதீங்க. மேடம், கொஞ்சம் இந்த நாற்காலிக்கு வாங்க" என்று தம் தலைவர் நாற்காலியில் என்னை உட்காரவைத்தார். என்னுடையதை இழுத்து எல்லம்மாவுக்குப் பக்கத்தில் போட்டு, சாட்சியாக உட்கார்ந்தார். "அன்னிக்கு சங்கரா மீன் வாங்குனது நான். பையில ஓட்டை இருந்திருக்கு. லிஃப்ட்ல சொட்டுனத பாத்தேன். வீட்டுக்குப் போய் துணி எடுத்துட்டு வர்றதுக்குள்ள மேடம் விழுந்துட்டாங்க. அப்புறம் சொல்ல எனக்குத் தைரியம் வரல." ரஹ்மான் பாயை அதைப் படித்துக் காட்டச் சொல்லி, கேட்டு, கையெழுத்துப் போட்டார்.

என் கை உடைந்ததைக்கூட மன்னித்திருப்பேன். அந்தச் சாயங்காலங்களைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "தினமும் வந்து எழுதிக் குடுத்தது இதுக்குத்தானா சார்?" என்று கேட்டேன். "ஆமா மேடம்" என்றார். ஒரு சாக்குக்கூடச் சொல்லவில்லை. இனிமேல் வராதீர்கள் என்று சொல்லிவிட்டு லிஃப்ட்டில் ஏறாமல் படியில் ஏறிப் போனேன்.

விதி தேவையில்லை, மீன் வாங்குகிறவர்கள் பாத்திரம் கொண்டுவந்தால் போதும் என்று அவரும் ரஹ்மான் பாயும் அறிக்கை எழுதினார்கள். நான் கையெழுத்திட வேண்டும். இல்லையென்றால் என் மாற்றுக் கருத்தை எழுதித் தர வேண்டும். இரண்டையும் செய்யவில்லை. வீம்பு. என் பதில் இல்லாமல் அறிக்கையைக் கூட்டத்தில் வைக்க அவர் சம்மதிக்கவில்லை. அதற்குள் வாட்ச்மேன் தானாகவே எல்லம்மாவை உள்ளே விடுவதை நிறுத்திவிட்டான். செயலாளர் மேடம் கொண்டுவந்தது என்றால் வந்தது மாதிரிதான் என்று அவன் நினைத்துக்கொண்டான். எனக்குத் தெரியும். நான் பேசாமல் இருந்தேன். மழையோ வெயிலோ, அவள் கேட்டுக்கு வெளியே உட்கார்ந்தாள். படியிறங்க முடியாதவர்கள் அவளிடம் வாங்குவதை விட்டார்கள்.

ஜெபமணி சார் என் வாசலுக்கே வந்தார். "சட்டம் ஆகறதுக்கு முன்னாடியே அமல் ஆயிடுச்சே மேடம். குழுவுல இருக்கற வரைக்கும் பழைய நிலைமைதான். நான் சொன்னா வாட்ச்மேன் கேக்க மாட்டேங்கறான். நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்." பாக்கலாம் சார் என்றேன். அந்தப் ‘பாக்கலாம்’ ஒன்றரை வருடம் ஓடியது.

அவரோடு பேச்சு மட்டும் சீக்கிரமே திரும்பிவிட்டது. ஒரு சனிக்கிழமை லிஃப்ட்டில் அவரைப் பார்த்தேன். மீன் வாங்கிய எவர்சில்வர் தூக்கை, மூடியை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, கைக்குழந்தையைப் போல மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார். சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். அதற்குப் பிறகு அவர் வீட்டுக் கேக்கும் என் வீட்டுச் சுண்டலும் பழையபடி போய்வந்தன. ஆனால் பார்க்கும்போதெல்லாம், "அறிக்கை என் மேசையிலதான் இருக்கு மேடம், பேனா மட்டும் எடுத்துட்டு வாங்க" என்பார். அடுத்த கூட்டத்தில் பார்ப்போம் என்பேன். "சட்டமன்றம்னா கலைஞ்சதும் நிலுவையில இருக்கறது தானா காலாவதி ஆயிடும். நம்ம சங்கம் கலையாதே, மேடம். நீங்கதான் மனசு வெக்கணும்."

தாம்பரத்துக் கல்லறைத் தோட்டத்தில், கூட்டத்துக்குப் பின்னால் எல்லம்மா தலையை வாரி முடிந்து, துவைத்த புடவையில் நின்றிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன். "என் கேசு இன்னாச்சுன்னு வாராவாரம் கேப்பேன் மேடம். ‘இன்னும் குழுவுலதான் இருக்கு, நல்லா வரும் எல்லம்மா’ன்னு சொல்லுவாரு. உங்கள ஒரு வார்த்த தப்பா சொல்ல மாட்டாரு" என்றாள். நான் அங்கேயே நின்று அழுதேன். வீட்டுக்கு வந்ததும் அவருடைய மனைவி கிரேஸ் அம்மா ஒரு கோப்பைக் கொடுத்தார். அறிக்கையில் இரண்டு கையெழுத்துகள். மூன்றாவதாக என் பெயர் எழுதி, மேலே கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார் ஜெபமணி சார்.

அந்த வாரமே கூட்டம் கூட்டச் சொன்னேன். அறிக்கையில் கையெழுத்திட்டு வைத்துவிட்டு, என் சட்டமுன்வடிவைத் திரும்பப் பெற அனுமதி கேட்டேன். தலைவர் ‘ஆம் என்போர்?’ என்றார். எல்லாரும் ஆம் என்றார்கள். "சரி, அடுத்தது தண்ணி டேங்க்" என்று அவர் தாளைத் திருப்பினார்.

"இன்னொண்ணு கேக்கணும் சார்" என்றேன்.

"எதுக்கு மேடம்? எல்லாரும்தான் ஆம் சொல்லிட்டாங்களே."

"கேக்காம எழுதக் கூடாது."

கேட்டார். நான் முழங்கால்மேல் என் வலது கையை வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினேன். அந்தக் கை இன்னும் முழுசாகத் திரும்பாது. கட்டைவிரலை மடக்க எனக்குக் கொஞ்சம் நேரமாயிற்று. எல்லாரும் காத்திருந்தார்கள்.

சனிக்கிழமை காலை நானே கேட்டுக்குப் போய் எல்லம்மாவை உள்ளே கூட்டிவந்தேன். அவள் படிப் பக்கம் திரும்பினாள். நான் லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"கால் நோவுன்னு சொன்னியே. வா."

"வாணாம் மேடம். தண்ணி கிண்ணி சொட்டிடப் போவுது."

"சொட்டுனா நான் தொடைக்கறேன்."

என் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு ஏறினாள். மூன்றாவது மாடியில் கிரேஸ் அம்மா அந்த எவர்சில்வர் தூக்கோடு நின்றிருந்தார். எல்லம்மா கூடையை இறக்கி, கேட்காமலேயே சங்கராவை எடுத்துப் போட்டாள்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த ஐந்து விரல் நேரத்தைத்தான். ஒருவரைப் பற்றி முடிவு கட்டுவதற்கு முன்னால் இப்போது மடக்கிப் பார்க்கிறேன். எல்லம்மாவுக்கு அதை அப்போதே செய்திருந்தால், அவர் இருக்கும்போதே அவள் மேலே வந்திருப்பாள்; லிஃப்ட் கதவு திறந்தபோது தூக்கைப் பிடித்துக்கொண்டு அவரே நின்றிருப்பார்.